ஹுவா ஹின்னில் சம்பந்தியோடு ஒரு பகல்

போன வருடம் மாசி மாதம். ரொறன்ரோவில் பனி வாசலை மூடிக் கிடந்த நேரத்தில், நான் தாய்லாந்தில் ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரில், தலையில் ஓலைத் தொப்பியோடு வயிறெரிந்துகொண்டு நின்றேன். வெயில் காரணம் இல்லை. காரம் போட்ட சாப்பாடும் காரணம் இல்லை. காரணம் என் மகளுடைய மாமியார்.

அவரைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய குறை. மட்டக்களப்புப் பக்கத்து ஆள். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். கனடாவுக்கு வந்து, தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்து, அந்த ஒரே பிள்ளையைப் படிக்கவைத்தவர். கலியாணம் முடிந்த கையோடு மகளும் மருமகனும் பிக்கரிங்கில் ஒரு புது வீடு வாங்கினார்கள். சம்பந்தியும் அவர்களோடு. நானும் என் கணவரும் ஸ்காபரோவில், மகள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில். காரில் ஏறினால் பேசி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். ஆனாலும் என் பிள்ளை வேறு ஒரு நாட்டுக்குக் குடிபோய்விட்ட மாதிரித்தான் எனக்கு இருந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் என்னைச் சுட்டன. ஒருநாள் போனில் கதைத்துக்கொண்டிருந்த மகள், "மறுகா என்ன நடந்தது?" என்று கேட்டாள். 'மறுகா' என்றால் 'பிறகு'. அது மட்டக்களப்புச் சொல். எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. எங்களிடம் மட்டுமே தமிழ் பழகிய பிள்ளை, அந்தச் சொல்லை எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் தெரியுமா? போனை வைத்துவிட்டு நெடுநேரம் குசினியில் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றேன். இன்னொரு நாள் போனபோது சம்பந்தி அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாலே மேல்மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறவள், கண்ணை மூடிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி அவர் மடியில் சாய்ந்திருந்தாள்.

தாய்லாந்துப் பயணம் மகளின் யோசனை. இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிறம்ரனில் ட்ரக் ஓடுகிற என் கணவர், லீவு இல்லை என்று சொல்லித் தப்பிவிட்டார். ஹோட்டலில் எனக்கும் சம்பந்திக்கும் ஒரே அறை. "ரெண்டு பேரும் ஒண்டா இருந்தா நல்லாப் பழகிடுவீங்கள்" என்று மகள் சிரித்தாள். சம்பந்தி என்னைவிட இளையவர். என்னை 'அக்கா' என்று கூப்பிடுவார். நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. 'இஞ்சை பாருங்கோ' என்று தொடங்கிச் சமாளித்துவிடுவேன். விடிய நான் எழும்பும்போது தேத்தண்ணி போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்திருப்பார். சீனியும் சாயமும் எனக்குப் பிடித்த அளவில் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு நாள் வாடகை வான் வண்டி ஒன்று பிடித்திருந்தோம். அன்று காலையில் பார்த்து மருமகனுக்கு வயிறு சரியில்லை. முந்தின நாள் சாப்பிட்ட நண்டு வேலையைக் காட்டியிருக்க வேண்டும். வான் வாசலில் வந்து நின்றுவிட்டது.

"நான் மகனோட நிக்கன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார் சம்பந்தி.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். மகளோடு முழு நாளும் தனியாக. எப்போது கிடைத்தது எனக்கு அப்படி ஒரு நாள்? கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கே போய்விட்டேன். மகள் மட்டும் மாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கினாள். பிறகு திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அவர் நித்திரை கொள்ளப்போறார். மாமி தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்? வாங்கோ."

வான் சீட்டில் நான் ஒரு கரையில், சம்பந்தி மறுகரையில், மகள் நடுவில். அவள் தலை யார் பக்கம் திரும்புகிறது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் போனது, கோயில்கள் போயின. எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

முதலில் அந்த ஊரின் பழைய ரயில் நிலையம். முழுக்க மரத்தால் கட்டி, சிவப்பும் பால்வெள்ளையுமாகப் பூச்சுப் பூசி, கலியாணப் பந்தல் மாதிரி நிற்கும். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகளின் பக்கத்தில் போய் நின்றேன். "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நான் எடுக்கன்" என்று சம்பந்தி போனை வாங்கினார். அவர் எடுத்த படத்தில் எங்கள் இருவருக்கும் தலை இல்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் என்னோடு சிரித்து எவ்வளவு காலம் என்று நான் யோசித்தேன். பிறகு அவள் மாமியை ஒரு நீள மர வாங்கில் இருத்தி, முந்தானையை இழுத்துவிட்டு, தனியாக ஒரு படம் எடுத்தாள். என்னைத் தனியாக எடுத்தாளா என்று கேட்கவேண்டாம். எடுத்தாள்தான். ஆனால் இரண்டாவதாக.

அடுத்தது குரங்கு மலை. கடலை ஒட்டி ஒரு பாறைக்குன்று, உச்சியில் கோயில், கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய பொன்னிறப் புத்தர். ஏறுவதற்கு நீளப் படிக்கட்டு. படிக்கட்டு முழுக்கக் குரங்குகள். சம்பந்தி அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு முழங்கால் நோகுது. நான் இதில இருக்கன். நீங்க தாயும் பிள்ளையும் போய்ட்டு வாங்க" என்றவர், மகளைப் பார்த்து, "மெல்ல ஏறு மனே, அவசரப்படாத" என்றார். 'மகளே' என்பதை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

என் பிள்ளைக்குப் படி ஏறவும் இவர் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சப் படிகள் ஏறியதும் மகள் மூச்சு வாங்க ஒரு மர நிழலில் நின்றாள். கீழே கடல் பளபளத்தது. என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உங்களோடை ஒரு விஷயம் கதைக்கவேணும்."

நான் அந்த வசனத்தைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்குள் காலையில் இருந்து ஒன்று ஊதிப்பெருத்துக்கொண்டிருந்தது. "இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் தனியப் போவம் எண்டு நினைச்சன். உனக்கு எங்கை, மாமி இல்லாமல் ஏலாதே" என்றேன்.

அவள் கையை விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு சத்தம். ஒரு பெரிய தாட்டான் குரங்கு சம்பந்தியின் தண்ணீர்ப் போத்தலைப் பறித்துக்கொண்டு போக, அவர் செருப்பைக் கையில் தூக்கியபடி அதற்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சிரிப்பும் பயமுமாகக் கீழே இறங்கினாள். புத்தரை நாங்கள் பார்க்கவே இல்லை. அவர் வேண்டுமென்றுதான் சத்தம் போட்டார் என்றுகூட நினைத்தேன் என்றால், என் மனநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையடியில் ஒருவர் பழங்களை வெட்டிப் பையில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அன்னாசி, கொய்யா, நாங்கள் பப்பாப்பழம் என்கிற பப்பாளி. மகளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் சனிக்கிழமைகளில் நான் கடையில் இருந்து பப்பாப்பழம் வாங்கி வந்தால் பாதியை அவளே முடித்துவிடுவாள். ஒரு பை வாங்கி, ஒரு துண்டைக் குச்சியில் குத்தி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் நடுவில் ஒரு கை வந்தது.

"அக்கா, இத நான் சாப்பிடுறன். அவ கொய்யா சாப்பிடட்டும்."

சம்பந்தி பையை என் கையில் இருந்து வாங்கி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். ஹோட்டலில் ஒவ்வொரு காலையும் பப்பாப்பழத்தட்டைத் திரும்பியும் பார்க்காதவர்.

"என்ரை பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு நான் உங்களிட்டைக் கேட்டுத்தான் அறியவேணுமோ?" என்றேன். குரல் உயர்ந்துதான் விட்டது. பழம் வெட்டியவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அப்பிடி இல்லக்கா" என்றார் அவர். அவ்வளவுதான். மிச்சப் பழத்தையும் ஒவ்வொரு துண்டாக, மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கினார். மகள் நிலத்தைப் பார்த்தபடி வானுக்குள் போய் ஏறினாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கடற்கரைக்கு வந்தோம். நீளமான வெண்மணல். மட்டக்குதிரைகளைக் கயிற்றில் பிடித்தபடி குதிரைக்காரர்கள் நடந்து திரிந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. மகள் சிறுமியாக இருந்தபோது, ரொறன்ரோவில் ஒரு கண்காட்சியில் குதிரையில் ஏறவேண்டும் என்று அழுதாள். வரிசை நீளம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இன்று ஏற்றிவிடலாம். அவள் ஒரு குதிரையில், நான் ஒரு குதிரையில். முழங்கால் நோவுக்காரி கரையில் இருக்கட்டும்.

நான் இரண்டு குதிரைகளைப் பேசி, பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். மகள் ஒரு அடி பின்னால் போனாள்.

"நான் ஏறேல்லை அம்மா."

"ஏன்? சின்னனிலை ஆசைப்பட்டனியெல்லே."

"இப்ப வேண்டாம். ப்ளீஸ் அம்மா, விடுங்கோ."

"ஏன், மாமி விடமாட்டாவோ?"

என் வாயில் இருந்து அது விழுந்ததும் எனக்கே கேட்டது, எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று. மகளின் கண் நிறைந்துவிட்டது. திரும்பிச் சவுக்கு மரங்கள் நின்ற பக்கம் விறுவிறு என்று நடந்தாள்.

நான் இரண்டு குதிரைகளுக்கு நடுவில் நின்றேன். குதிரைக்காரன் என்னைப் பார்க்க, நான் கடலைப் பார்த்தேன். சம்பந்தி என் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்; திட்டினால் நல்லது என்றும் இருந்தது, திருப்பிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

"அக்கா, கோவத்த இதில வச்சிட்டு அவக்கிட்டப் போங்க. ஒண்டும் கேக்க வேணாம். சும்மா பக்கத்துல இருங்க. அவவே கதைப்பா."

"நீங்களும் வாங்கோ" என்றேன், மனமில்லாமல்.

"நான் எதுக்கு? நான் குதிரையில ஏறப்போறன்" என்றார்.

முழங்கால் நோகிறது என்று படி ஏறாதவர், சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குதிரைக்காரன் தோளைப் பிடித்து ஒரு தம் கட்டி ஏறிவிட்டார். ஏறியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சேணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், வாழ்நாளில் மாட்டுவண்டியில்கூடப் பயமில்லாமல் ஏறியிருக்கமாட்டார் போல் இருந்தது. தூரமாகப் போகும்படி கையால் காட்டினார். குதிரை அவரைக் கொண்டு போனது.

நான் மகளிடம் போனேன். மரத்தடியில் மணலில் இருந்தாள். பக்கத்தில் இருந்தேன். கேட்கவேண்டாம் என்று சொன்னதால் கேட்கவில்லை. பிறகு அவள் என் தோளில் தலையை வைத்தாள்.

"அம்மா, நான் ப்ரெக்னன்ட்."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"முதல் உங்களுக்குத்தான் சொல்லவேணும் எண்டு வைச்சிருந்தனான். என்ரை அவருக்கு மட்டும்தான் தெரியும். மாமிக்கும் சொல்லக்கூடாதெண்டு ப்ராமிஸ் வாங்கினனான். இண்டைக்கு மலையிலை வைச்சுச் சொல்லுவம் எண்டு பாத்தன். நீங்கள் கோவமா இருந்தீங்கள்."

"ஏன் பிள்ளை, மாமிக்கும் சொல்லாமல்?" என்றேன்.

"ஒரே வீடு எண்டபடியால் எல்லாம் அவவுக்குத்தான் முதல் தெரியவருது. உங்களுக்கு அது நோகுது எண்டு எனக்குத் தெரியும் அம்மா. நீங்கள் சொல்லமாட்டீங்கள், ஆனால் முகத்திலை தெரியும். இது ஒண்டெண்டாலும் உங்களுக்கு முதல் தெரியட்டும் எண்டு நினைச்சன்."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனதுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்த புகைச்சலை, என் பிள்ளை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அந்த வெட்கம் ஒரு பக்கம். நான் அம்மம்மா ஆகப்போகிறேன் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அதற்குள்ளும், வெட்கமில்லாமல், 'எனக்குத்தான் முதல் சொன்னாள், மாமிக்கு இல்லை' என்று ஒரு மூலையில் ஒரு கெட்ட சந்தோஷம். உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா?

அந்தக் கெட்ட சந்தோஷம் கனநேரம் நிற்கவில்லை. தூரத்தில் குதிரையில் வளைந்து ஆடிக்கொண்டு போகிற அந்த உருவத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பப்பாப்பழம் நினைவு வந்தது. வயிற்றில் பிள்ளை என்றால் பப்பாப்பழம் ஆகாது என்று எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பழுத்ததால் ஒன்றும் இல்லை என்று பிறகு டொக்டர் சொன்னது வேறு கதை. எனக்கும் தெரியும்தானே. என் பிள்ளை படியில் மூச்சு வாங்குகிறாள், பிடித்த பழத்துக்குத் தயங்குகிறாள், குதிரைக்குப் பின்வாங்குகிறாள். பெற்ற எனக்கு விளங்கியிருக்க வேண்டியது. நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் யாரைப் பார்க்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனுஷிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் காலையில் ஹோட்டலில் நிற்கிறேன் என்றார். தெரிந்துதான் மலையடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்க எங்கள் இருவரையும் தனியே விடப் பார்த்திருக்கிறார். காலையில் மகள் விடவில்லை; மற்ற நேரமெல்லாம் நான்தான் அதைக் கெடுத்தேன்.

குதிரை திரும்பி வந்தது. சம்பந்தி இறங்கும்போது தடுமாறினார். மகள் ஓடிப்போய்ப் பிடித்து, அவர் காதோடு சொன்னாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அவர் வாயில் கையை வைத்தார். கண்ணை அகல விரித்தார்.

"உண்மையாவா மனே? எனக்கு ஒண்டும் தெரியாதே! எப்பயிருந்து?"

மகள் சந்தோஷத்தில் குதித்தாள், மாமியை ஆச்சரியப்படுத்திவிட்டோம் என்று. அவர் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சினார். அந்த நடிப்பில் ஒரு பிழை பிடிக்க நான் எவ்வளவோ பார்த்தேன். கிடைக்கவில்லை. எனக்கு அதிலும் பொறாமை வந்தது.

இரண்டு அம்மாக்களுக்கும் சொல்லியாயிற்று என்று மருமகனுக்குச் சொல்ல மகள் போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனாள். நாங்கள் இருவரும் மணலில் இருந்தோம்.

"உங்களுக்கு முதலே தெரியும்" என்றேன்.

அவர் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டார். பிறகு தலையாட்டினார். "கனடாவிலயே தெரியும். கோப்பி மணத்துக்கு வாயப் பொத்திக்கொண்டு ஓடினா. ரெண்டு நாள் பாத்தன், மறுகா விளங்கிற்று."

"பிறகேன் அவளிட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா எனக்குத்தானே முதல்ல சொன்ன மாதிரி ஆகிரும்." அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு ஒரு மகள் இருந்திருந்தா, இத முதல்ல வேற ஒருத்தருக்குச் சொன்னா நான் தாங்கமாட்டன் அக்கா."

நாள் முழுக்க நான் பேசின பேச்செல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவக்கு இது தெரிய வேணாம். எனக்கு முதல்லயே தெரியும் எண்டு அறிஞ்சா அவட சந்தோஷம் குறைஞ்சிரும். நீங்க சொல்லக்கூடா."

"சொல்லமாட்டன், தங்கச்சி" என்றேன். அந்தச் சொல் தானாக வந்தது. அவர் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "அந்தக் குதிர மனுசன் என்னைக் கடல்லதான் போடப்போறான் எண்டு நினைச்சன்" என்றார். இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். மகள் போனில் கதைத்தபடி, இவர்களுக்கு என்ன நடந்தது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பேத்தி பிறந்து இப்போது தவழத் தொடங்கிவிட்டாள். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பேத்தி மடிமாறும்போது இன்னும் எனக்குள் ஏதோ சுரண்டுகிறது. அவரிடம் போனால் அழுகையை நிறுத்துகிறாள், என்னிடம் வந்தால் யோசிக்கிறாள். ஆனால் இப்போது அதை நான் அவரிடமே சொல்லிவிடுகிறேன். "உங்கட மூக்குக்கண்ணாடிக்குப் பயப்பிடுறா அக்கா" என்று சொல்லி, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை என் கையில் தருவார்.

மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். தன் வாழ்க்கையின் பெரிய செய்தியை முதலில் அறிந்தது தன் அம்மாதான் என்று அவள் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லுவாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டுகிற அந்த மனுஷியைப் பார்க்கிறேன். என்னிடம் இருந்து என் பிள்ளையைப் பறித்துவிட்டார் என்று நான் நினைத்த அதே ஆள்தான், அந்தப் பகலில் அவளைப் பிடித்து என் கையில் தந்தவர்.